காசநோய்: சென்னைக் குடிசைகள் உலகுக்குத் தந்த தீர்ப்பு

காசநோய் என்றதும் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவுக்கு வருவது சானடோரியம். சேலம், ஈரோடு வட்டாரத்தாருக்குப் பெருந்துறை. சென்னைப் பக்கத்தாருக்குத் தாம்பரம். தொலைவு போக வசதி உள்ளவர்களுக்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளி. மேட்டூர் அணைப் பக்கத்திலிருந்து ஒருவரைப் பெருந்துறைக்கு அழைத்துப் போனார்கள் என்றால், அவர் வீட்டில் அழுகுரல் அன்றே தொடங்கிவிடும். மாதக்கணக்கில் அவர் அங்கே கிடக்க வேண்டும். திரும்பி வந்தாலும் அவருக்கென்று தனித் தட்டு, தனிக் குவளை, திண்ணையில் ஒரு பாய்.

இன்று அதே நோய்க்கு, அரசு மருத்துவமனையில் மாத்திரைகளை இலவசமாகப் பெற்று, தம் வீட்டிலேயே இருந்துகொண்டு, பெரும்பாலோர் ஆறு மாதங்களில் குணமடைகிறார்கள். இந்த மாற்றத்தை உலகுக்குக் கொண்டுவந்தது எந்த ஊர் என்று கேட்டால் லண்டன் என்போம், அல்லது அமெரிக்கா என்போம். உண்மையில் அந்த ஊர் சென்னை. அதிலும், சென்னையின் ஏழைக் குடியிருப்புகள். இந்த வரலாறு நம் சமுதாயத்தில் மிகச் சிலருக்கே தெரியும். தெரியாததனால் வரும் தீங்கோ நம் பெண் மக்களின் தலையில் விழுகிறது. ஆகவே சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது.

கட்டிலுக்கு வழியில்லாதவர்கள்

காசநோய் ஒரு கிருமியால் வருகிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் ராபர்ட் காக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று அறிவித்தார். அந்த நாளைத்தான் இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் கிருமியைக் கண்ட பிறகும் அறுபது ஆண்டுகள் அதைக் கொல்லும் மருந்து கிடைக்கவில்லை. அதுவரை தூய காற்று, முழு ஓய்வு, நல்ல உணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பியிருந்தார்கள். அம்மூன்றையும் ஓரிடத்தில் தருவதற்கு எழுந்தவையே சானடோரியங்கள்.

1943இல் ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டது. அதையடுத்து 'பாஸ்' என்ற மருந்தும், 1952இல் ஐசோனியசிட் என்ற மலிவான மாத்திரையும் வந்தன. மருந்து கிடைத்துவிட்டது. ஆனால் அதையும் சானடோரியக் கட்டிலில் படுக்க வைத்துத்தான் கொடுக்க வேண்டும் என்பதே மருத்துவ உலகின் உறுதியான எண்ணமாக இருந்தது. பணக்கார நாடுகளுக்கு அது இயலும். இந்தியாவுக்கு? 1955 முதல் 1958 வரை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பு, இந்நோய் நகரத்தின் நோய் மட்டுமன்று, கிராமங்களிலும் ஏறக்குறைய அதே அளவில் பரவியிருக்கிறது என்று காட்டியது. நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள். கட்டில்களோ ஆயிரக்கணக்கில்தான் இருந்தன. எல்லோருக்கும் கட்டில் போட்டு முடிப்பதற்கு நாட்டின் கருவூலமே போதாது.

அப்படியானால் கட்டில் கிடைக்காதவர் என்ன செய்வது? வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தால் குணமாகுமா? ஆகாது என்றனர் பலர். நெரிசலான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, கூலி வேலையும் செய்துகொண்டு ஒருவர் எப்படித் தேறுவார்? அவருடைய குழந்தைகளுக்கும் தொற்றிவிடாதா? ஏழைக்கு இரண்டாந்தர வைத்தியம் செய்யப் பார்க்கிறீர்களா? இக்கேள்விகள் நியாயமானவை. கேட்டவர்கள் நல்லெண்ணம் கொண்டவர்கள்தாம். ஆனால் கேள்விக்கு விடை யாரிடமும் இல்லை. கருத்து மட்டுமே இருந்தது.

குர்ஆ போட்டுப் பிரித்தார்கள்

இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கென்றே 1956இல் சென்னையில் காசநோய் மருத்துவ ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி நடத்தின. நான்குமே மக்களின் வரிப்பணத்தில் இயங்குபவை. பிரிட்டனிலிருந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் அதன் முதல் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.

முதல் ஆய்வில் 193 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். எல்லோரும் சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். யார் சானடோரியத்துக்குச் செல்வது, யார் வீட்டில் இருப்பது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. நோயாளியும் முடிவு செய்யவில்லை. ஹஜ் கமிட்டியில் குர்ஆ போடுகிறார்களே, அதைப் போலக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஏன் இப்படி? மருத்துவர் தேர்ந்தெடுத்தால், நோய் முற்றியவரைக் கட்டிலுக்கும் இலேசானவரை வீட்டுக்கும் அனுப்பிவிடுவார். பிறகு வீட்டில் இருந்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்றால், அது மருந்தினாலா, நோய் இலேசாக இருந்ததனாலா என்று எவராலும் சொல்ல முடியாது. குலுக்கலில் மனிதரின் விருப்பத்துக்கு இடமில்லை.

இவ்விடத்தில் ஒரு செய்தியை நினைவூட்ட ஆசைப்படுகிறேன். ஒரு கூட்டத்தாருக்குச் சிகிச்சை செய்து, இன்னொரு கூட்டத்தாருக்கு வேண்டுமென்றே அதைச் செய்யாமல் விட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைப் பத்தாம் நூற்றாண்டின் மாமேதை இமாம் அர்ராஸி (ரஹ்) கையாண்டிருக்கிறார்கள். மூளைக் காய்ச்சலுக்கு இரத்தம் குத்தி எடுப்பது பயன் தருமா என்று அவர்கள் அவ்வாறு பார்த்ததாக அவர்களுடைய மருத்துவக் குறிப்புகளில் உள்ளது. குலுக்கல் அன்று இல்லை. ஆனாலும், சோதித்துப் பார்த்தே ஏற்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. நம் மதரஸாக்களில் இப்பெயர்களைப் பெருமைக்காகச் சொல்கிறோம். அவர்கள் செய்த வேலை இன்னதென்று பிள்ளைகளுக்குச் சொல்வது குறைவு.

சென்னைக்கு வருவோம். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியசிட்டும் பாஸும், ஓராண்டு காலம். சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கட்டில், செவிலியர், நல்ல சாப்பாடு. வீட்டில் இருந்தவர்கள் வாரந்தோறும் மையத்துக்கு வந்து மருந்து வாங்கிச் சென்றார்கள். மாத்திரையைச் சரியாக விழுங்குகிறார்களா என்பதை எப்படி அறிவது? சுகாதாரப் பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய், மீதமுள்ள மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதித்து, மருந்து உடலுக்குள் போயிருக்கிறதா என்று பார்த்தார்கள். வீட்டு வாசலில் நின்று மாத்திரை எண்ணிய அந்தப் பெயர் தெரியாத பணியாளர்கள் இல்லையென்றால் இந்த ஆய்வுக்கு மதிப்பே இருந்திருக்காது.

ஆய்வின் முடிவு 1959இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. சானடோரியத்தில் இருந்தவர்கள் எடை அதிகம் கூடியிருந்தார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் நோய் அடங்கியதில் இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தார்கள். நெரிசலிலும், குறைந்த உணவிலும், வேலைக்கு நடுவிலும் இருந்தவர்கள், கட்டிலில் ஓய்வெடுத்தவர்களுக்குச் சற்றும் சளைக்காமல் தேறியிருந்தனர். நோயைத் தீர்த்தது காற்றும் கட்டிலும் அன்று. தவறாமல் விழுங்கிய மாத்திரை.

அடுத்து வந்ததுதான் இதைவிட முக்கியமான முடிவு. என் கருத்தில் நம் வீட்டுப் பெண்கள் மனப்பாடம் செய்ய வேண்டியது இதுவே. இரு பிரிவு நோயாளிகளின் குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வீட்டிலேயே மருந்து சாப்பிட்டவரோடு ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் உண்டு வாழ்ந்தவர்களுக்கு, நோயாளியைச் சானடோரியத்துக்கு அனுப்பிவிட்ட குடும்பத்தாரைவிட அதிகமாக நோய் வரவில்லை. காரணம் எளிது. தொற்று பெரும்பாலும் நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, யாரும் அறியாத அந்த இருமல் நாட்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தகுந்த மருந்து தொடங்கியதும் நோயாளியின் சளியில் கிருமிகள் விரைவாகக் குறைந்துவிடுகின்றன. இது காற்றின் வழியே, இருமும்போது பரவும் நோய். தட்டினாலும் குவளையினாலும் பரவுவது அன்று.

அப்படியிருக்க, இன்றும் எத்தனை வீடுகளில் மருந்து சாப்பிடும் மருமகளுக்குத் தனித் தட்டு!

யாருடைய பணம்?

இந்த ஆய்வை ஒரு மருந்துக் கம்பெனி செய்திருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். புதிய மருந்து எதையும் இது விற்கவில்லை. ஏற்கெனவே மலிவாகக் கிடைத்த மாத்திரையைக் கட்டில் இல்லாமல் கொடுத்தால் போதுமா என்பது மட்டுமே கேள்வி. விடை 'போதும்' என்று வந்தால் எவருக்கும் இலாபமில்லை; கோடிக்கணக்கான ஏழைகளுக்கு உயிர். இத்தகைய கேள்விகளைக் கேட்பதற்குப் பொதுப்பணம் வேண்டும். டமாஸ்கஸில் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சுல்தான் நூருத்தீன் எழுப்பிய மருத்துவமனையும், கெய்ரோவில் 1284இல் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையும் வக்ஃபு வருமானத்தில் நடந்தன. இலாபம் தராத நற்பணிக்கு நிலையான வருமானம் வேண்டும் என்பதை முன்னோர்கள் அறிந்திருந்தார்கள். இன்று அந்த இடத்தில் வரிப்பணம் நிற்கிறது. நாம் கடையில் வாங்கும் ஒரு சோப்புக்குக் கொடுக்கும் வரியிலும் இதற்கு ஒரு துளி போகிறது.

மருந்துக் கம்பெனிகளுக்கு இதில் பங்கே இல்லை என்று சொல்வதும் நியாயமாகாது. இன்றைய சிகிச்சையின் உயிர்நாடியான ரிஃபாம்பிசின், இத்தாலியக் கம்பெனி ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் 1960களில் உருவானதே. ஆனால் அதைச் சேர்த்தால் ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை எத்தனை மாதமாகக் குறைக்கலாம் என்பதைக் கண்டறிந்தவை, கிழக்கு ஆப்பிரிக்காவிலும் சென்னையிலும் பிற இடங்களிலும் பொதுப்பணத்தில் நடந்த ஆய்வுகள். ஆறு மாதக் கணக்கு அவ்வாறு வந்ததுதான்.

ஏன் இத்தனை மாதம்?

இருமல் ஒரு மாதத்தில் நின்றுவிடுகிறது. காய்ச்சல் விட்டுவிடுகிறது. பசி எடுக்கிறது. பிறகும் ஏன் ஆறு மாதம் விழுங்க வேண்டும் என்று நோயாளிகள் கேட்பது இயல்பு.

காசநோய்க் கிருமி மந்தமானது. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் சில கிருமிகள் அரைமணி நேரத்துக்குள் இரண்டாகப் பெருகும். இதற்கோ ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். அதன் மேல்தோல் மெழுகு போன்ற பொருளால் ஆனது. கிருமிகளை விழுங்கி அழிப்பதற்கென்றே நம் உடலில் வெள்ளணுக்கள் உள்ளன. அந்த வெள்ளணுவுக்கு உள்ளேயே புகுந்து வாழக் கற்றது இந்தக் கிருமி. உடல் அதைச் சுற்றி அணுக்களால் ஒரு கோட்டை கட்டிச் சிறை வைக்கிறது. சிறைக்குள் சில கிருமிகள் ஏறக்குறைய உறங்கியே கிடக்கும். பெருகும் கிருமியை மருந்து எளிதில் கொல்லும். ஐசோனியசிட் அந்த மெழுகுத் தோலைக் கட்டவிடாமல் தடுப்பது. தோல் கட்டாமல் உறங்குகிற கிருமியிடம் அதன் வேலை செல்லாது. அது விழிக்கும்போது பிடிப்பதற்காகவே மாதக்கணக்கில் காவல் இருக்க வேண்டியிருக்கிறது.

சென்னை மையம் மருந்து கொடுத்ததோடு நில்லாமல், மருந்து உடலுக்குள் என்ன ஆகிறது என்பதையும் ஆராய்ந்தது. சிலருடைய உடல் ஐசோனியசிட்டை விரைவாகச் செயலிழக்கச் செய்துவிடும், சிலருடையது மெதுவாக. இது பிறவியிலேயே அமைவது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்தபோது, விரைவாகச் செலவழிக்கும் உடலுடையோரிடம் பலன் குறைந்தது. வாரம் இருமுறை, பணியாளர் கண்முன் விழுங்கச் செய்தபோது நல்ல பலன் கிடைத்தது. அந்த முடிவு 1964இல் வெளியாயிற்று. பின்னாளில் உலகம் முழுவதும் 'டாட்ஸ்' என்று பரவிய முறைக்கு இதுவே முன்னோடி. இந்தியாவில் 1997 முதல் அம்முறை விரிவாக்கப்பட்டது. ஒன்றுவிட்டு ஒரு நாள் என்றிருந்த மருந்து, 2017 முதல் நாள்தோறும் என்று மாற்றப்பட்டது. ஆய்வு முன்னேறும்போது முறையும் மாறுகிறது. "அன்று அப்படிச் சொன்னார்கள், இன்று இப்படிச் சொல்கிறார்கள்" என்று இதைக் குறையாகப் பேசுவோர் உண்டு. எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை.

அரிசிப் பானைக்குள் மாத்திரை

பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும்? பலவீனமான கிருமிகள் மடிந்து, வலிமையானவை எஞ்சும். அவை பெருகும்போது பழைய மருந்து செல்லாது.

எங்கள் பகுதியில் சில ஆண்டுகளுக்கு முன் நடந்ததைப் பெயரின்றிச் சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு நிச்சயம் முடிந்திருந்தது. இருமல் நிற்காமல் போகவே சளியைச் சோதித்தார்கள், காசநோய். தாய் மாத்திரை அட்டைகளை அரிசிப் பானைக்குள் மறைத்து வைத்து, இரவில் மட்டும் எடுத்துக் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் அடிக்கடி வந்து போகத் தொடங்கியதும் மூன்றாம் மாதத்தில் அதையும் நிறுத்திவிட்டார். இருமல்தான் நின்றுவிட்டதே! நிக்காஹ் முடிந்து சில மாதங்களில் இரத்தம் கலந்த சளியோடு அந்தப் பெண் தாய் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். இம்முறை சாதாரண மருந்து கேட்கவில்லை. தினமும் ஊசி, கைநிறைய மாத்திரை, காதில் இரைச்சல், ஒன்றரை ஆண்டுக்கு மேல் சிகிச்சை. அல்ஹம்து லில்லாஹ், குணமாகிவிட்டாள். ஆனால் மணவாழ்க்கை திரும்பவில்லை. "ஆறு மாசம் நிக்காஹைத் தள்ளி வெச்சிருக்கலாமே உஸ்தாத்" என்று அந்தத் தாய் என்னிடம் அழுதார். முதலிலேயே மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியிருந்தால் அவர்கள் பொறுத்திருப்பார்களா? எனக்கு ஐயமே. அந்த ஐயத்துக்கு நம் மஹல்லாவே பொறுப்பு.

ஓதி ஊதிய தண்ணீரை நான் குறை சொல்லவில்லை. நானே ஓதிக் கொடுக்கிறேன். துஆவுக்கு அதற்குரிய இடம் உண்டு. மருத்துவம் செய்துகொள்ளுமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஏவியிருப்பதை அறிந்தவர்கள், மாத்திரையை நிறுத்திவிட்டுத் தண்ணீரை மட்டும் கேட்டு வருவதுதான் வருத்தம்.

மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு இப்போது நிலைமை மாறியிருக்கிறது. பெடாகுயிலின் என்ற மருந்தை ஒரு தனியார் கம்பெனி உருவாக்கி, 2012இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. பிரெட்டோமனிட் என்ற மற்றொன்றை அரசுகளும் அறக்கட்டளைகளும் தரும் பணத்தில் இயங்கும் இலாப நோக்கற்ற அமைப்பு ஒன்று கொண்டுவந்தது. இவற்றையும் வேறு இரண்டு மருந்துகளையும் சேர்த்து, ஊசியே இல்லாமல், ஆறு மாதங்களில் முடியும் முறைக்கு இந்திய அரசு 2024 செப்டம்பரில் ஒப்புதல் அளித்தது. முன்பு இருபது மாதம் வரை நீண்ட சிகிச்சை அது. புதிய மருந்துகளை நம் நாட்டு நோயாளிகளுக்கு எப்படிக் கொடுப்பது என்ற ஆய்வில், 1956இல் தொடங்கிய அதே சென்னை மையத்துக்கும் பங்கு உண்டு. சேத்துப்பட்டில் இருக்கும் அதன் இன்றைய பெயர் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

தோல்வியையும் வெளியிட்டார்கள்

பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வு எல்லாம் வெற்றியில் முடியும் என்று எண்ண வேண்டாம். பிள்ளை பிறந்ததும் தோளில் போடுகிறார்களே பி.சி.ஜி. தடுப்பூசி, அதை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்த இடம் நம் செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் தொடங்கிய அந்த ஆய்வில் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டோர் பங்கேற்றனர். தடுப்பூசி நுரையீரல் காசநோயைத் தடுக்கும் என்பதை நிலைநாட்டவே எல்லோரும் காத்திருந்தார்கள். ஏழரை ஆண்டுக் கணக்கைப் பார்த்தபோது பாதுகாப்பு எதுவும் தென்படவில்லை. பதினைந்து ஆண்டுகள் பார்த்தும் பெரியவர்களுக்குப் பயன் தெரியவில்லை. அதை மறைக்காமல் வெளியிட்டார்கள். உலகெங்கும் அதிர்ச்சி, விவாதம் இன்றும் ஓயவில்லை. குழந்தைகளுக்கு மூளையைத் தாக்கும் கொடிய காசநோயிலிருந்து இத்தடுப்பூசி காப்பு அளிப்பதால்தான் இப்போதும் போடப்படுகிறது. ஆகவே தாய்மார்கள் தவறாமல் போட வேண்டும். ஆனால் "சின்ன வயதில் ஊசி போட்டாயிற்று, நமக்கு வராது" என்று வளர்ந்தவர்கள் இருக்கக் கூடாது.

சோற்றுக்கும் இடமுண்டு

சென்னை ஆய்வைப் படித்துவிட்டு, உணவு முக்கியமில்லை என்று ஒருவர் முடிவு கட்டக்கூடும். அது தவறாகும். கிருமியைக் கொல்வது மாத்திரை என்றுதான் சென்னை சொன்னது. மாத்திரைக்குப் போகும் முன் யாரைக் கிருமி வீழ்த்துகிறது என்ற கேள்விக்கு விடை வேறிடத்திலிருந்து வந்தது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019 முதல் 2022 வரை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பணத்தில் ஓர் ஆய்வு நடந்தது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். அவர்களில் பாதிக் குடும்பங்களில், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். மொத்தம் 10,345 பேர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோய் வந்தது 39 விழுக்காடு குறைந்தது. பிறருக்குப் பரவக்கூடிய நுரையீரல் நோய் 48 விழுக்காடு குறைந்தது. முதல் இரண்டு மாதத்தில் எடை கூடிய நோயாளிகளிடம் இறப்பும் வெகுவாகக் குறைந்திருந்தது. முடிவுகள் 2023இல் வெளியாயின.

அரிசியும் பருப்பும்! ஒரு தடுப்பூசி இந்த அளவு பலன் தந்தால் உலகமே கொண்டாடும்.

நம் ஜமாஅத்துகள் சிந்திக்க வேண்டிய இடம் இது. நோயாளிக்கு மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. குடும்பத்தார் பசிக்கு அது எப்படிப் போதும்? ரமளானில் பைத்துல்மால் பணத்தைப் புடவையாகவும் பொட்டலமாகவும் பிரித்து ஒரே நாளில் தீர்த்துவிடுகிறோம். மஹல்லாவில் காசநோய் கண்ட ஏழை வீடு ஒன்றுக்கு ஆறு மாதம் அரிசியும் பருப்பும் முட்டையும் கொடுக்க ஆகும் செலவு எவ்வளவு? ஃபகீர், மிஸ்கீன் என்ற வரையறைக்குள் வரும் நம்மவருக்கு ஜகாத்திலிருந்தே கொடுக்கலாம். பக்கத்து வீட்டு மாற்றுமதச் சகோதரருக்கு ஸதகாவிலிருந்து கொடுக்கத் தடை ஏது? விசைத்தறியில் பக்கத்தில் நின்று வேலை செய்பவர் இருமினால் கிருமி மதம் பார்த்தா வரும்? ஒரே நிபந்தனை, பெயரைப் பள்ளி ஒலிபெருக்கியில் வாசிக்கக் கூடாது. இரகசியமாகக் கொடுக்கத் தெரியாத ஜமாஅத்திடம் யாரும் நோயைச் சொல்ல மாட்டார்கள்.

தெரிந்துகொள்ள வேண்டியவை

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2023இல் இந்தியாவில் சுமார் 28 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது. உலக நோயாளிகளில் நால்வருக்கு ஒருவர் இங்கே. ஆகவே இது ஏதோ பழைய காலத்து நோய் என்று எண்ண வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலையில் காய்ச்சல், இரவில் வியர்வை, காரணமின்றி உடல் மெலிதல் ஆகிய இவற்றில் எது இருந்தாலும் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பர்தாவைக் காரணம் காட்டிப் பெண்களின் இருமலை வீட்டுக்குள்ளேயே கஷாயத்தில் அடக்கப் பார்ப்பது கூடாது. சளியைப் புட்டியில் கொடுத்தனுப்பினாலும் சோதிப்பார்கள். மருந்து தொடங்கியதும் சிறுநீர் செந்நிறமாக மாறும். அது ரிஃபாம்பிசினின் நிறம். இரத்தம் என்று பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள். ஆனால் கண் மஞ்சளாதல், விடாத வாந்தி, பார்வை மங்குதல் இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் மற்ற எல்லோரையும் சோதித்து, நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்கும் ஏற்பாடும் உள்ளது. அதை மறுத்துவிட்டு வருவோர் அதிகம். மறுக்க வேண்டாம்.

எல்லா நோயாளியும் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தமிழகத்தில் 2022 முதல், நோய் கண்டவுடனேயே எடை, மூச்சு வேகம், இரத்தத்தில் ஆக்ஸிஜன், துணையின்றி எழுந்து நிற்க முடிகிறதா ஆகியவற்றைப் பார்த்து, ஆபத்தான நிலையில் உள்ளவர்களை மட்டும் மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக்கொடுத்த முறை அது. உங்கள் வீட்டு நோயாளி மிக மெலிந்து, கால் வீங்கி, எழ முடியாமல் இருந்தால், சேர்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

ரமளானைப் பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதும், குணமான பின் களா செய்துகொள்ளலாம் என்பதும் எல்லோரும் அறிந்ததே. சிகிச்சையின் முதல் மாதங்களில் உடல் தளர்ந்திருப்பவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதில் கூச்சப்பட வேண்டியதில்லை. தேறி, நான்காம் ஐந்தாம் மாதத்தில் இருப்பவர் நோற்க விரும்பினால், மருத்துவரிடம் கேட்டு, மாத்திரை வேளையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்றிக்கொள்ளலாம். வேளை மாறலாம், ஒரு நாள்கூட விடுபடக் கூடாது.

மேட்டூர் அரசு மருத்துவமனை உட்பட எல்லா அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. நேரில் போகத் தயங்குவோர், 1800-11-6666 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பெயர் சொல்லாமலேயே விவரம் கேட்டுக்கொள்ளலாம்.